முதலில் அணைந்த டார்ச்

"டீச்சர், ஒரு பொய்கூடச் சொல்லாம ஒருத்தரை ஏமாத்த முடியுமா?"

கேட்டவளுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை. ஓயா ஃப்ரியா என்ற மலையூரின் கத்தோலிக்கக் கோவிலில், மறைக்கல்வி வகுப்பில், 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்ற எட்டாவது கட்டளையை அவில்டா சேதா விளக்கி முடித்த கையோடு அந்தக் கேள்வி வந்தது.

"முடியாது கண்ணு. ஏமாத்துறதுன்னு வந்துட்டா உள்ள எங்கயாவது ஒரு பொய் இருந்தே தீரும்" என்று சிரித்தபடி சொல்லி அனுப்பிவிட்டாள். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புயல் சேத மனுக்களைத் துருவியவள். எத்தனையோ பொய்களை வாலைப் பிடித்து வெளியே இழுத்தவள். அந்தத் தைரியத்தில் சொன்ன பதில் அது.

அது தப்பான பதில் என்று தெரிய இரண்டு வருஷமும் ஒரு டார்ச் லைட்டும் தேவைப்பட்டன.

*

சனிக்கிழமை காலை எட்டு மணி. கோவிலின் பின்கட்டில் ஜன்னலே இல்லாத நிவாரணக் கிடங்கு. ஒரு காலத்தில் காப்பி மூட்டை அடுக்கிய அறை. கையிலிருந்த அறிவிப்பை அவில்டா ஒரு முறை படித்தாள். இரண்டாம் முறை படிக்க மனம் வரவில்லை. புழு இருக்கிற கொய்யாவைத் தெரியாமல் கடித்ததுபோல் வாய் கசந்தது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து நெஃப்தலி வாசித்தான். "'பொருட்களின் தரத்தில் நேர்ந்த மாற்றத்தை முன்னிட்டு, கிடங்கின் சாவி பொறுப்பான கைகளுக்கு மாற்றப்படுகிறது.' திருடின்னு எழுத மை பத்தலை போல."

நெஃப்தலி முப்பது வருஷம் மலைச்சாலையில் வாடகைக் கார் ஓட்டியவன். இப்போது அவில்டாவின் சாரதி, அவில்டாவின் துணை, அவில்டாவின் தலைவலி.

"வாயை மூடு" என்றாள் அவில்டா.

எதிரே ஸ்டூலில், வீங்கிய முழங்காலை நீட்டியபடி மிக்தாலியா உட்கார்ந்திருந்தாள். கிடங்கின் சாவி பத்தொன்பது வருஷமாக அவள் இடுப்பில். சம்பளம் கிடையாது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் வாசிப்பாங்களாம்" என்றாள். "சாவி போனாப் போகட்டும் டோன்யா அவில்டா. வாசிச்சதுக்கப்புறம் நான் எந்த பெஞ்சுல போய் உக்காருவேன், அதச் சொல்லுங்க."

அவில்டா அறிவிப்பின் அடியிலிருந்த கையெழுத்துகளை எண்ணத் தொடங்கினாள்.

நடந்தது இவ்வளவுதான். ஜூன் மாதம், புயல் பருவம் தொடங்கும் முன், தனியாக இருக்கும் முதியவர்களுக்கெல்லாம் கையடக்கமான ஒரு எல்.இ.டி. டார்ச் கொடுப்பது என்று கோவிலின் பங்குக் குழு முடிவு செய்தது. ஹார்டுவேர் கடை ஒஸ்வால்தோ மூன்று ரகம் கொண்டுவந்து வைத்தார். வெள்ளி நிறம் ஒன்று, நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று. மூன்றும் ஒரே விலை. எது அதிக நேரம் எரிகிறதோ அதை வாங்கலாம் என்று பேச்சு. இதே இருட்டறையில், புது பேட்டரி போட்டு, காலை எட்டு மணிக்கு மூன்றையும் ஏற்றினார்கள். கறுப்பு ஏழு மணி நேரத்தில் அணைந்துபோனது. நீலம் பதின்மூன்று. வெள்ளி முப்பத்திரண்டு மணி நேரம் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி டார்ச்சுகளை மிக்தாலியா வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

போன வாரம் டிரான்ஸ்பார்மர் வெடித்து மூன்று நாள் ஊர் இருண்டது. முதல் நாளே முணுமுணுப்பு கிளம்பியது: டார்ச் ஒரு மணி நேரத்துக்கு மேல் உருப்படியாக வரவில்லை. இரண்டாம் நாள் டோன் லாலோ என்ற கிழவர் தன் வீட்டு வாசற்படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். டார்ச் நல்லது, அதற்கு ஊரே சாட்சி. அப்படியானால் பேட்டரிதான் கெட்டது. பேட்டரி இருந்தது மிக்தாலியாவின் பூட்டுக்குள். நல்லதை விற்றுவிட்டு மட்டமானதை மாட்டிக் கொடுத்துவிட்டாள். இரண்டும் இரண்டும் நாலு.

இப்படிக் கணக்குப் போட்டவர்கள் யார் என்பதுதான் அவில்டாவுக்குப் பொறுக்கவில்லை. பெரிய புயலுக்குப் பின் மூன்று மாதம் இந்தக் கிடங்கில் வரிசையில் நின்று அரிசியும் பால்மாவும் வாங்கியவர்கள். அவர்களுடைய கையெழுத்துகள்தான் அறிவிப்பின் அடியில் எறும்புபோல ஊர்ந்துகொண்டிருந்தன.

"பேட்டரி மேல சந்தேகப்பட எல்லாருக்கும் ஆசை" என்றாள். "டார்ச் மேல சந்தேகப்பட ஏன் யாருக்கும் தோணலை?"

"எப்படித் தோணும்? நாலு பெரிசுங்க ரெண்டு நாள் கண்கொட்டாம பாத்திருக்காங்க. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணைக்கூட அவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டாங்க."

"மிக்தாலியா, யாரும் தொடாத வெள்ளி டார்ச் ஏதாவது இருக்கா?"

மிக்தாலியா மேசை இழுப்பறையைத் திறந்து, நூலில் சீட்டு கட்டிய ஒன்றை எடுத்தாள். எதையும் சீட்டுக் கட்டாமல் வைக்கத் தெரியாதவள். "டோன்யா ஃபெலீசிதாவோடது. ஒஸ்வால்தோவோட அம்மா. கொடுத்த மறுநாளே கொண்டாந்து, 'எனக்கு வேணாம், வேற யாருக்காவது கொடு'ன்னுட்டாங்க. கறுப்பு வேணும்னா சோதனைக்கு வெச்சதே அந்த அலமாரியில கெடக்கு."

மூடிய பெட்டியைக் கிழித்துப் புது பேட்டரிகளை எடுத்து, அவில்டா இரண்டு டார்ச்சிலும் தன் கையாலேயே போட்டாள். அலமாரியில் நிறுத்தி ஏற்றினாள். எட்டேகால். வெள்ளி பளீரென்று அறையையே கழுவியது. கறுப்பு அதன் பக்கத்தில் ஏழைச் சொந்தக்காரன்போல நின்றது.

"பாத்தீங்களா, ஜெயிச்ச குதிரை" என்றான் நெஃப்தலி.

"கதவைச் சாத்திடுங்க. நாங்க வர்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க. அந்தச் சோதனைக்கு ஏதாவது காகிதம் எழுதினாங்களா?"

கேட்கவே வேண்டாம். மிக்தாலியாவின் கோப்பில் அது இருந்தது. முன்பக்கத்தில் மூன்று டார்ச்சும் அணைந்த நேரம். தலைப்பில், நாலு பெரிசுகளில் ஒருவரான டோன் கார்மெலோவின் கொட்டை எழுத்தில், 'கடைசிப் பொறி அணையும்வரை.' பின்பக்கத்தில் முழுக்க டோமினோ கணக்கு. காவல் இருந்த நால்வரும் டார்ச் வெளிச்சத்திலேயே ஆடியிருக்கிறார்கள்; வேறு விளக்குக் கூடாது என்பது விதி. ஒன்பது ஆட்டம் முழுசாக இருந்தது. பத்தாவது ஒரே ஒரு வரி. அதற்குமேல் யாரோ பென்சிலால் குத்திக் காகிதத்தில் ஓட்டையே போட்டிருந்தார்கள்.

அவில்டா அந்த ஓட்டை வழியாக நெஃப்தலியைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு மணி நேரம் விளக்கு எரிஞ்சிருக்கு. டோமினோ மட்டும் ஏன் பத்தாவது ஆட்டத்துல நின்னுச்சு?"

"டோமினோ நிக்கணும்னா ஒண்ணு சோறு வரணும், இல்ல சண்டை வரணும், இல்ல ஆள் சாகணும்."

"ஆள் யாரும் சாகலையே."

"டோன் கார்மெலோவும் டோன் சாகோவும் அன்னைலேர்ந்து பேசிக்கிறதில்லை. அம்பது வருஷமா கூட்டாளிங்க. ஊருக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"

"வண்டியை எடு."

*

டோன் கார்மெலோ தன் வீட்டு வாசலில் பச்சை வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. சாகோவின் பெயரைக் கேட்டதும் கத்தி வேகமாக ஓடியது.

"அவன் பேரை இந்த வாசல்ல எடுக்காதம்மா. கூட்டாளின்னு எதிர்ல உக்காந்துகிட்டு, அஞ்சு இருக்கிற எடத்துல நாலை வெக்கிறான். ஏண்டா இப்படின்னு கேட்டா, 'உனக்குத்தான் கண்ணு அவிஞ்சுபோச்சு'ங்கிறான். என்னைப் பாத்து. அத்தனை பேர் முன்னால."

"அவர் வெச்சது நாலுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, டோன் கார்மெலோ?"

"எப்படித் தெரியும்? காயை எடுத்தேன். இப்படி." அவருடைய கட்டைவிரல் காற்றில் ஒரு காயைத் தடவியது. "நாலு குழி."

வாழைக்காய்த் தோல் ஒன்று தரையில் விழுந்தது. அவில்டா குனிந்து அதை எடுத்துக் கூடையில் போட்டாள்.

"பாத்தீங்களா, தடவினீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கிழவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள். குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. அன்னைக்குத் திடீர்னு புள்ளி மசங்கிப்போச்சு. அதுவரைக்கும் கண்ணாடித் துண்டு மாதிரி தெரிஞ்சுது. வயசாயிடுச்சில்ல? வெளிய தெரிஞ்சா மேஜையில எடம் போயிடும். அதான் தடவிப் பழகிக்கிட்டேன்."

"எப்பலேர்ந்து மசங்குச்சு? நேரம் ஞாபகம் இருக்கா?"

"மூணு மணி செபம் ரேடியோவுல முடிஞ்ச ஒடனே."

"இன்னொண்ணு. கடைசிப் பொறி அணையும்வரைன்னு எழுதினது யார் யோசனை?"

"யோசனை என்ன, வழக்கம்தான். மண்ணெண்ணெய் விளக்கை எங்கப்பா அப்படித்தான் அளப்பார். எரியிற விளக்கு நல்ல விளக்கு, அணைஞ்சது கெட்ட விளக்கு. ஒஸ்வால்தோகூட எங்களையே முடிவு பண்ணிக்கச் சொல்லிட்டான். மரியாதை தெரிஞ்ச ஆள்."

அங்கிருந்து இரண்டு வளைவு தாண்டி டோன் சாகோ வீடு. அவர் மூக்கில் புத்தம்புதுக் கண்ணாடி. விலைச்சீட்டுகூட இன்னும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டோன் சாகோ, மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றான் நெஃப்தலி.

"உன் கார் கண்ணாடியைவிடச் சுத்தமா இருக்கு, போதுமா? எதுக்கு வந்தீங்க?"

சுற்றி வளைக்காமல் அவில்டா கேட்டாள். சுற்றி வளைக்காமல் அவரும் பொய் சொன்னார். நாலாம் நிமிடம் உண்மையைச் சொன்னார். அன்றைக்குச் சோதனை அறையில் பார்வை சட்டென்று இறங்கிவிட்டது. கார்மெலோவிடம் தோற்க மனமில்லாமல் பழியை அவர் மேல் போட்டுவிட்டார். மறுநாளே யாருக்கும் தெரியாமல் டவுனுக்குப் போய் டாக்டரிடம் காட்டினார். இந்தக் கண்ணோடு இன்னும் இருபது வருஷம் டோமினோ ஆடலாம் என்றாராம் டாக்டர். டாக்டரை நம்பாமல் மருந்துக் கடையில் கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

"அது எத்தனை மணி இருக்கும்?" என்றாள் அவில்டா.

"மூணு மணி செபம் முடிஞ்சு, ரெண்டு காய் வெச்சிருப்பேன்."

காருக்குத் திரும்பிய நெஃப்தலி, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான்.

"டோன்யா, நாலு கண்ணு. ரெண்டு கிழவனுங்க. ஒரே நாள், ஒரே நிமிஷம் அத்தனையும் ரிட்டயர் ஆகுமா? கவர்ன்மென்ட் ஆபீஸ்லகூட அப்படி நடக்காதே."

அவில்டா காகிதத்தின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பு டார்ச் அணைந்த நேரம்: மாலை மூன்று ஐந்து.

நெஃப்தலி அதைப் பார்த்தான். காகிதத்தைத் திருப்பி, பென்சில் ஓட்டையைப் பார்த்தான்.

"அப்ப நீலமும் வெள்ளியும் எரிஞ்சுகிட்டுதானே இருந்துச்சு?"

"அதைத்தான் இப்பப் போய்ப் பாக்கணும்."

போகிற வழியில் அவனே ஆரம்பித்தான். "லாலோவோட மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்ல? கிழவர் ஒரே பாட்டா சொல்லிட்டிருந்தார். 'டார்ச் எரிஞ்சுகிட்டுதான் இருந்துச்சு, படிதான் தெரியலை.' வலி மருந்து பேசுதுன்னு நர்ஸ் சிரிச்சுது. நானும் சிரிச்சேன்." அடுத்த வளைவில் வேகத்தைக் குறைத்து, "சிரிச்சிருக்கக் கூடாது" என்றான்.

*

பன்னிரண்டரைக்குக் கிடங்கின் கதவைத் திறந்தார்கள். நாலேகால் மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு டார்ச்சும் எரிந்துகொண்டிருந்தன. அலமாரியும் மூட்டைகளும் மிக்தாலியாவின் முகமும் தெளிவாகத் தெரிந்தன.

"ரெண்டும் நல்லாத்தானே எரியுது" என்றாள் மிக்தாலியா. குரலில் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் வடிந்தது.

அவில்டா கதவைச் சாத்தினாள். கறுப்பு டார்ச்சின் தலைமேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

அறை காணாமல் போனது.

அலமாரி இருந்த திக்கில் மூன்று வெளிர்புள்ளிகள் மட்டும் மின்னின. மின்மினியின் வயிறுபோல. அவற்றால் பக்கத்திலிருந்த பேட்டரிப் பெட்டியைக்கூடக் காட்ட முடியவில்லை.

"எரியுதா?" என்று இருட்டில் கேட்டாள்.

"எரியுது" என்றான் நெஃப்தலி. "ஆனா என் மூக்கு எங்கன்னு தெரியலை."

கையை எடுத்தாள். அறை திரும்பி வந்தது.

"கறுப்பு தன்கிட்ட இருக்கிறதைக் கடைசி வரைக்கும் குறைக்காம கொடுக்குது. தீர்ந்ததும் படக்குன்னு நின்னுடுது. வெள்ளி எல்லாத்தையும் முதல் மணி நேரத்துலயே வாரி எறைச்சிட்டு, மிச்ச முப்பது மணி நேரமும் இப்படி உயிரை மட்டும் பிடிச்சுகிட்டுக் கெடக்கு. நீலமும் இதே ஜாதியாத்தான் இருந்திருக்கணும். அன்னைக்கு அவங்க ஆடினதெல்லாம் கறுப்போட வெளிச்சத்துல. அது அணைஞ்சதும் ஆளாளுக்குத் தன் கண்ணுதான் போச்சுன்னு நினைச்சாங்க. வாய் திறந்தா மேஜையில எடம் போயிடும். அதுக்கப்புறம் மணிக்கொரு தரம் கதவைத் திறந்து எட்டிப் பாத்திருக்காங்க. புள்ளி தெரியுதா? தெரியுது. எரியுதுன்னு எழுது."

மிக்தாலியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப யாருமே திருடலையா?"

"நீங்க திருடலை. அது முதல்லயே தெரியும். இப்ப நிரூபிக்கவும் முடியும்."

"குற்றவாளியே இல்லாத கேஸா?" நெஃப்தலி உதட்டைப் பிதுக்கினான். "பெட்ரோல் வீண். கார்மெலோவோட அப்பாவைத்தான் கைது பண்ணணும். அவர் செத்து நாப்பது வருஷம் ஆச்சு."

அவில்டா வெள்ளி டார்ச்சை அணைத்து, அதில் நூலில் தொங்கிய சீட்டை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் ஒஸ்வால்தோவின் அம்மா பெயர் இருந்தது.

"இன்னும் ஒரு எடம் பாக்கி" என்றாள்.

*

ஹார்டுவேர் கடையில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஒஸ்வால்தோ கல்லாவைவிட்டு எழுந்துவந்து இருவரையும் கைபிடித்து வரவேற்றார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, நல்ல பல்வரிசை. பூசைக்கு முதல் பெஞ்சில் உட்காருகிறவர்.

"டோன்யா அவில்டா, உள்ள வாங்க. பின்னால காத்து வரும். காப்பி இப்பதான் போட்டது."

பின்னறைக்குப் போகும் வழி சாமான்கள் அடைத்து இருண்டு கிடந்தது. அவர் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அதில் கோத்திருந்த சின்ன டார்ச்சை அழுத்தினார். தரையில் ஆணிப்பெட்டிகளும் கயிற்றுச் சுருள்களும் துல்லியமாகத் தெரிந்தன. "பாத்து வாங்க, இங்க ஒரு படி இருக்கு."

கறுப்பு டார்ச்.

நெஃப்தலி அவில்டாவின் முழங்கையை லேசாக இடித்தான். அவள் முன்பே பார்த்துவிட்டாள்.

மேஜையில் மூன்று கோப்பை காப்பி வந்தது. மூன்றும் ஆறின. இந்த மலையில் ஒரு வீட்டுக் காப்பியைத் தொடாமல் விடுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஒஸ்வால்தோ கோப்பையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"சாவியில இருக்கிறது எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?" என்றாள்.

"இதுவா? மூணு வருஷம் இருக்கும். நல்ல சரக்கு." சொன்ன பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

"நல்ல சரக்குன்னு தெரியும். ஆனா சோதனையில அது தோத்துச்சு."

"டோன்யா, நான் ஒரு வார்த்தை பேசலை. யாரை வேணும்னாலும் கேளுங்க. வெள்ளியை வாங்குங்கன்னு சொன்னேனா? இல்லை. கறுப்பு மோசம்னு சொன்னேனா? இல்லை. மூணையும் ஒரே விலைக்கு வெச்சேன். விதி அவங்களே போட்டுக்கிட்டாங்க. நான் சொன்னதுல ஒரு பொய் காட்டுங்க பாப்போம்."

"காட்ட முடியாது" என்றாள் அவில்டா. "தேடிப் பாத்துட்டேன். ஒண்ணுகூட இல்லை."

அவர் முகம் இளகியது. காப்பிக் கோப்பையை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"உங்க அம்மா பேரும் லிஸ்டுல இருந்துச்சு" என்று அவள் தொடர்ந்தாள். "மிக்தாலியா கொண்டுபோய்க் கொடுத்த வெள்ளி டார்ச்சை மறுநாளே திருப்பிட்டாங்க. இப்ப டோன்யா ஃபெலீசிதா எதை வெச்சிருக்காங்க, ஒஸ்வால்தோ?"

கடை வாசலில் யாரோ கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒஸ்வால்தோ அசையவில்லை.

"கறுப்பு" என்றார் கடைசியில்.

"ஏன்?"

"அம்மா வீட்டு வாசல்ல படி இருக்கு."

"லாலோ வீட்டுலயும் மூணு படி இருந்துச்சு."

நெஃப்தலி தன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

ஒஸ்வால்தோ மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். பெரிய புயலுக்குப் பின் அவசரத்தில் வாங்கிப்போட்ட வெள்ளி டார்ச்சுகள்; வாங்கிய பிறகுதான் லட்சணம் தெரிந்தது; பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடந்தன. பெரிசுகள் விதி எழுதியபோது சிரிப்புத்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது. மூடிக்கொண்டிருந்தார். "மிக்தாலியா மேல பழி விழும்னு நான் நெனைக்கலை."

"விழுந்தப்புறம்?"

"அறிவிப்பைக் கொண்டுவந்தாங்க. கையெழுத்துப் போட்டேன்."

அவில்டாவுக்கு இன்ஷூரன்ஸ் காலத்துப் பொய்யர்கள் நினைவுக்கு வந்தார்கள். தாங்களே கூரையைப் பிய்த்துவிட்டுப் புயல் மேல் பழி போட்டவர்கள். அவர்களாவது வியர்த்துக் கொட்டினார்கள். இந்த மனிதர் மூன்று மாதமாகத் துவைத்த சட்டையோடு பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறார். தொடாத கோப்பையை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

எழுந்தாள். "போலீஸுக்குச் சொல்ல இதுல ஒண்ணும் இல்லை. பங்குச்சாமி பாத்ரே எமிலியோகிட்ட அஞ்சு மணிக்கு நான் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லலாம். நான் சொன்னா அது கோள். நீங்க சொன்னா பாவசங்கீர்த்தனம். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. முடிவு பண்ண விடுறதுதான் உங்க வழக்கமாச்சே."

வெளியே வந்து, சாலையோரக் குழாயில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"அவரைத் தொடவேயில்லையே நீங்க" என்றான் நெஃப்தலி.

"வரும்போது கை கொடுத்தார்ல."

ஒஸ்வால்தோவுக்காக ஒரு 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் நின்றுவிட்டது. கார் கிளம்பி மூன்றாம் வளைவு தாண்டிய பிறகுதான் மீதியைச் சொல்ல முடிந்தது.

*

நாலு ஐம்பதுக்கு ஒஸ்வால்தோவின் வண்டி கோவில் வாசலில் வந்து நின்றது. கறுப்பு டார்ச் பெட்டிகளை அவரே சுமந்து இறக்கினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு பாத்ரே எமிலியோவோடு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது பாத்ரேயின் கையில் அறிவிப்பு இரண்டாகக் கிழிந்திருந்தது. நாளைக்கு வேறு அறிவிப்பு என்றார். அதை ஒஸ்வால்தோ தானே வாசிப்பாராம்.

"முதல் பெஞ்சுல எடம் காலியாகும்" என்றான் நெஃப்தலி. பிறகு என்ன நினைத்தானோ, "நான் போய் ரெண்டு பெரிசுங்களையும் கூட்டிட்டு வர்றேன். வெயில்ல ஒரு மேஜை போட்டு உக்கார வெச்சா யாருக்குக் கண்ணு தெரியும்னு தானா தெரிஞ்சுடும்" என்று கிளம்பினான்.

மிக்தாலியா மாதா சுரூபத்தின் முன் முழங்காலிட முடியாமல் நின்றபடி அழுதுகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடாமல் அவில்டா கிடங்குக்குப் போனாள். டோமினோக் காகிதத்தை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் மிக்தாலியாவுக்குத் தூக்கம் வராது.

கோப்பு அலமாரியில் இறுக்கமாக இருந்தது. இழுத்ததில் பக்கத்திலிருந்த பழைய நோட்டு ஒன்று விழுந்து விரிந்தது. பெரிய புயல் வருஷத்து நோட்டு. ஐஸ் பங்கீடு. ஒரு வீட்டுக்கு ஒரு பை. பெயர், கையெழுத்து, பெயர், கையெழுத்து. மிக்தாலியா தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடவில்லை. சின்ன எழுத்தில், 'சேதா வீட்டு கேட்' என்று எழுதியிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அடுத்த நாளும். அவில்டா பக்கங்களைப் புரட்டினாள். இருபத்திமூன்று நாள்.

அந்த இருபத்திமூன்று நாளும் விடியும்போது அவில்டாவின் வீட்டுக் கேட்டில் சாக்கு சுற்றிய ஒரு பை ஐஸ் இருந்தது. அம்மாவின் இன்சுலின் அதில்தான் பிழைத்தது, அம்மாவும் பிழைத்தாள். ராணுவ வண்டிக்காரர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அவில்டா நினைத்திருந்தாள். மாதா அனுப்புகிறாள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரையே துப்பறிந்தவள் தன் வீட்டுக் கேட்டைத் துப்பறியவில்லை.

நோட்டைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்தாள்.

*

மறுநாள் பூசைக்குப் பிறகு மிக்தாலியா எப்போதும் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் டார்ச்சை மாற்றிக் கொடுக்கும் வேலையைத் தானே செய்வதாக எழுந்து நின்று சொன்னாள். வேறு யாராவது செய்யட்டும் என்று பாத்ரே சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. "நான் கொடுத்தது. நான்தான் மாத்தணும்." திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தொடங்குவது, மேட்டுத் தெருவிலிருந்து.

மேட்டுத் தெருவில் கார் ஏறாது. செங்குத்தான பாதை, பாதிக்கு மேல் கல்படி. பத்தொன்பது வீடு.

திங்கட்கிழமை கிழக்கு வெளுக்கும் நேரம். நெஃப்தலியை எழுப்பாமல், அவில்டா அந்தப் பாதையில் தனியாக ஏறினாள். பாத்ரேயிடம் கிடங்கின் மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்கியிருந்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தோளில் துணிப்பை. ஒவ்வொரு கேட்டிலும் ஒரு கறுப்பு டார்ச்சைக் கட்டி, கீழே ஒரு சீட்டு: 'பழையதை இங்கேயே கட்டிவைக்கவும். நிவாரணக் கிடங்கு.' தன் பெயரை எங்கும் எழுதவில்லை. பத்தாவது வீட்டில் மூச்சு வாங்கியது. பதினாலாவது வீட்டில் உட்கார்ந்து எழுந்தாள். இந்தப் படிகளில் வீங்கிய முழங்காலோடு ஒருத்தி ஏறியிருப்பாள் என்று நினைத்தபோது, இரண்டு நாளாக வாயில் இருந்த கசப்பு முதன்முறையாகக் கொஞ்சம் இறங்கியது.

கடைசி வீட்டுக் கேட்டின் பின்னால் ஒரு கிழட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. குரைக்கலாமா என்று யோசித்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது.

பத்தொன்பதாவது டார்ச்சைக் கட்டுவதற்கு முன் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். செருப்பும், கீழே இறங்கும் முதல் படியும், அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பாசியும் தெளிவாகத் தெரிந்தன. அணைத்தாள். முடிச்சை இறுக்கினாள். வீட்டுக்குள் யாரோ இருமி எழும் சத்தம் கேட்பதற்குள் கீழே இறங்கத் தொடங்கினாள்.